300 இடியம் மனப்பாடம் செய்தால் போதுமா? இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்காக

கேள்வி: 2024 ஜனவரி 14, காலை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். கோச்சிங் சென்டரில் 300 இடியம் (ஆங்கில மரபுத்தொடர்) அடித்த தாள்கட்டு ஒன்றைக் கொடுத்து, தினம் பத்து ஒப்பிக்கச் சொல்கிறார்கள். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', 'பீஸ் ஆஃப் கேக்', 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்', இந்த மாதிரி. லண்டனில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர், இதில் பாதியை அங்கே யாரும் பேசிக் கேட்டதே இல்லை என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

ஜனவரி 14, இரவு

அக்கா பேச்சைக் கேளுங்கள். நான் யார்க்‌ஷையரில் முதியோர் வார்டில் வேலை பார்க்கிறேன். இங்கே மழைக்குக் குறைவே இல்லை, ஆனாலும் நாயும் பூனையும் பொழிந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. 'இட்ஸ் சக்கிங் இட் டவுன்' என்பார்கள், 'போரிங்' (கொட்டுகிறது) என்பார்கள், பெரும்பாலும் வெறுமனே 'ஹாரிபிள் அவுட் தேர்' என்று சொல்லிவிட்டுக் கோட்டை உதறுவார்கள்.

தேர்வைப் பற்றி ஒன்று. நர்ஸ் பதிவுக்கு எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். பேச்சுக்கான 7-க்குரிய வரையறையில் 'இடியமாட்டிக்' என்ற சொல் வருகிறது. கோச்சிங் சென்டர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தாள்கட்டை அடிக்கின்றன. ஆனால் அங்கே கேட்பது பழமொழிக் கோவை இல்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற இயல்புதான். 'ஹெவி ரெயின்' என்பார்கள், 'ஸ்ட்ராங் ரெயின்' என்று சொல்ல மாட்டார்கள். நாம் காபி போடுகிறோம், தோசை சுடுகிறோம், சோறு வடிக்கிறோம். 'காபி செய்தேன்' என்று ஒருவர் சொன்னால் புரியும், ஆனால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். தேர்வாளர் காது வைத்துக் கேட்பது இந்த வேறுபாட்டைத்தான். எதைக் கேட்டாலும் 'பீஸ் ஆஃப் கேக்' (ரொம்ப எளிது) என்று செருகினால் மதிப்பெண் ஏறாது, ஒப்பித்தது பளிச்சென்று தெரியும்.

என் கட்சி இதுதான்: பேசுவதற்காக இடியம் படிக்காதீர்கள், காதில் விழுந்தால் புரிவதற்காகப் படியுங்கள். நீங்கள் ஒன்றைக்கூடச் சொல்லாமல் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெறலாம். ஆனால் நோயாளி சொன்னது புரியாவிட்டால் அன்றைக்கே சிக்கல்.

ஜனவரி 15

'சரி, அப்போது வார்டில் என்னதான் காதில் விழும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கழிப்பறை. எண்பது வயதுக்காரர்கள் 'டாய்லெட்' என்ற சொல்லையே தவிர்ப்பார்கள். ஒரு பாட்டி மெல்லிய குரலில் 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்பார். நீங்கள் அவருடைய பணப்பையைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் படுக்கை நனைந்திருக்கும், அவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. 'வாட்டர்வர்க்ஸ்' என்று சொன்னால் குடிநீர் வாரியம் இல்லை, சிறுநீர் சமாச்சாரம். 'ட்ரபிள் வித் மை வாட்டர்வர்க்ஸ்' என்றால் எரிச்சலா, அடைப்பா, அடிக்கடி போகிறதா என்று விசாரிக்க வேண்டும். 'பேக் பேசேஜ்' என்பது வீட்டுக் கொல்லைப்புற வழி இல்லை, ஆசனவாய்.

இதில் மிகவும் சின்னது, மிகவும் தந்திரமானது 'ஹேவ் யூ பீன்?'. எங்கே என்றே இருக்காது. காலையில் ஒரு நர்ஸ் நோயாளியிடம் 'ஹேவ் யூ பீன் டுடே?' என்றால் 'மலம் கழித்தீர்களா' என்று பொருள். நமக்கு இது புரியாமல் போகவே கூடாது, ஏனென்றால் நாமும் 'வெளிக்குப் போனீங்களா' என்றுதான் கேட்கிறோம். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்று நாம் எண்ணுவது போலவே அவர்களும் 'நம்பர் ஒன்', 'நம்பர் டூ' என்று எண்ணுகிறார்கள். கூச்சம் எல்லா ஊரிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

அப்புறம் 'ஃபன்னி டர்ன்'. இதை மட்டும் தயவுசெய்து அடிக்கோடிட்டு வையுங்கள். 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன் திஸ் மார்னிங்' என்று சிரித்துக்கொண்டேகூடச் சொல்வார்கள். சிரிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தலை சுற்றியிருக்கலாம், மயங்கியிருக்கலாம், ஒரு நிமிடம் வாய் குழறியிருக்கலாம், சின்னதாக ஒரு பக்கவாதம் வந்துவிட்டுப் போயிருக்கலாம். எப்போது, எவ்வளவு நேரம், கை கால் பலம் குறைந்ததா, பேச்சு மாறியதா என்று உடனே கேட்டு, டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ஜனவரி 16

பென்னி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறை அமைத்து ஒரு பென்னி கட்டணம் வாங்கினார். பிறகு ஊரெங்கும் கதவுப் பூட்டிலேயே ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் திறக்கும் கழிப்பறைகள் வந்தன. நாணயமும் போய் பூட்டும் போய்விட்டது, சொல் மட்டும் பாட்டிகளிடம் தங்கியிருக்கிறது. இளைஞர்களிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

ஜனவரி 20

'பாப்' பற்றி இரண்டு வரி. 'பாப் யுவர் டாப் ஆஃப்', 'பாப் அப் ஆன் த பெட்', 'பாப் திஸ் அண்டர் யுவர் டங்'. இங்கே டாக்டர், நர்ஸ், பிஸியோதெரபிஸ்ட் எல்லார் வாயிலும் நாள் முழுக்க இதுதான். சட்டையைக் கழற்றுங்கள், கட்டிலில் ஏறிப் படுங்கள், நாக்குக்கு அடியில் வையுங்கள் என்று கட்டளை போடாமல் 'கொஞ்சம் அப்படி' என்று சொல்லும் பாங்கு. நம் ஊரில் 'சட்டையைக் கழட்டிக்கோங்க பெரியவரே' என்று 'பெரியவரே' சேர்த்து மென்மையாக்குகிறோம் இல்லையா, அந்த வேலையை இங்கே இந்தச் சொல் செய்கிறது. இதை நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். எதையும் சொல்லாதீர்கள் என்று முதல் நாள் எழுதியதில் இது ஒரு விலக்கு.

ஜனவரி 27

இன்று நான் ரொம்ப நாளாக எழுத நினைத்தது. பட்டியலில் வராத இடியம்தான் ஆபத்தானது. 'நாட் டூ பேட்', 'கேன்ட் கம்ப்ளெய்ன்', 'மஸ்ட்ன்ட் க்ரம்பிள்' (குறை சொல்லக் கூடாது), 'எ பிட் சோர்' (கொஞ்சம் வலி). ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குத் தெரியும், அகராதியே வேண்டாம், அதனால்தான் ஏமாந்துபோவீர்கள். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டால் 'வலி இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

இடுப்பு எலும்பு அறுவை முடிந்து வந்த ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. வலி எப்படி என்றால் 'மஸ்ட்ன்ட் க்ரம்பிள், லவ்' என்கிறார். வாய் அப்படிச் சொல்கிறது. கை கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்திருக்கிறது, விரல் மூட்டுகள் வெளுத்திருக்கின்றன. மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. கொண்டுவைத்த தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது, பக்கத்தில் பிஸ்கட் பிரிக்கவே இல்லை. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னேன், 'மூணு' என்றார். ஒருமுறை இருமச் சொன்னேன். இருமி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு 'எட்டு' என்றார். அந்தத் தலைமுறை வலியைக் குறைத்துச் சொல்லியே வளர்ந்தது. குறைத்துச் சொல்வதுதான் அவர்களுக்கு மரியாதை.

இது ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களையே கவிழ்த்திருக்கிறது. 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆறு. குளோஸ்டர்ஷையர் படைப்பிரிவின் முதல் பட்டாலியனைச் சீனப் படை நாலாபக்கமும் வளைத்துவிட்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி தன் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி ராபர்ட் சோலிடம் நிலைமையைச் சொன்ன விதம்: 'எ பிட் ஸ்டிக்கி'. பிரிட்டிஷ்காரர் காதுக்கு அது 'தலைக்கு மேல் வெள்ளம்'. அமெரிக்கர் காதுக்கு 'கஷ்டம்தான், ஆனால் சமாளித்துக்கொள்வார்கள்'. உடனே பின்வாங்கச் சொல்லும் உத்தரவு வரவில்லை. 235-ஆம் எண் குன்றில் சிக்கியவர்களில் சிலர்தான் தப்பி வந்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். தோல்விக்குக் காரணம் அந்த ஒரு சொல் மட்டும்தான் என்று நான் சொல்ல வரவில்லை, எதிரியின் எண்ணிக்கையே அப்படி. ஆனால் ஒரே மொழி பேசும் இரண்டு தளபதிகளுக்கு நடுவிலேயே 'எ பிட்' என்பதற்கு இரண்டு எடை இருந்தது.

அதனால் யாராவது 'எ பிட்' என்றால் அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். எண் கேளுங்கள், அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

பிப்ரவரி 2

மேலே எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு. 'டீ'. இங்கே வடக்கில் பலருக்கு 'டின்னர்' என்றால் மதியச் சாப்பாடு, 'டீ' என்றால் மாலைச் சாப்பாடு, கறியும் உருளைக்கிழங்குமாக முழுச் சாப்பாடு. இதை ஏதோ சுவாரசியமான தகவல் என்று கடந்துபோகாதீர்கள். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, தெற்கிலிருந்து வந்த டாக்டரோ நம் ஊர் டாக்டரோ 'பிஃபோர் டின்னர்' என்று சொல்லிவிட்டுப் போனால், அந்தப் பாட்டி மதியம் 12 மணிக்கு ஊசி போட்டுக்கொள்வார். நான் எப்போதும் மணியை எழுதிக் கொடுக்கிறேன்: மாலை 5 மணிச் சாப்பாட்டுக்கு முன். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன்.

யார்க்‌ஷையருக்கே உரிய இன்னொன்று 'வைல்'. 'ஐ'ம் அட் வர்க் வைல் சிக்ஸ்' என்று மகள் போனில் சொன்னால் ஆறு மணி வரை வேலை என்று பொருள். ஆறு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள்.

பிப்ரவரி 3

'புரியாவிட்டால் கேட்கக் கூச்சமாக இருக்குமே, ஆங்கிலம் தெரியாது என்று நினைப்பார்களே' என்று எழுதியிருந்தீர்கள். 'வாட் டூ யூ மீன்?' என்று கேட்டால் கொஞ்சம் சண்டைக்கு இழுப்பது மாதிரி ஒலிக்கும். 'ஸாரி, ஐ ஹேவன்ட் ஹெர்ட் தேட் ஒன் பிஃபோர்' என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும், தன் அம்மா அதை எப்போது சொல்வார் என்பது வரைக்கும் கதை வரும். அவ்வளவு நேரம் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தவர் பேச ஆரம்பிப்பார். எங்கள் வார்டில் மலையாளி சேச்சிகளும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நிறைய, எல்லாரும் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

பிப்ரவரி 11

மரணத்தைப் பற்றி. உங்கள் தாள்கட்டில் 'கிக் த பக்கெட்' என்றால் 'இறந்துபோதல்' என்று ஒற்றை வரியில் போட்டிருக்கிறார்கள். இது அநியாயம். 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியிலேயே இருக்கும் பழைய தொடர்தான், பொருளும் சரிதான். ஆனால் தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு 'மண்டையைப் போடுதல் = இறத்தல்' என்று மட்டும் சொல்லிக்கொடுத்து, அவர் துக்க வீட்டில் போய் 'உங்கள் அப்பா எப்போது மண்டையைப் போட்டார்' என்று கேட்டால் எப்படி இருக்கும்? நமக்கு 'தவறிட்டார்', 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்று படிப்படியாக இருக்கிறது. அவர்களுக்கும் 'பாஸ்ட் அவே', 'ஸ்லிப்ட் அவே', 'வி லாஸ்ட் ஹிம்' என்று படி இருக்கிறது. 'பாப்ட் ஹிஸ் க்ளாக்ஸ்', 'கிக்ட் த பக்கெட்' எல்லாம் தன்னைப் பற்றியே கிண்டலாகப் பேசும் தாத்தா சொல்லலாம், நீங்களும் நானும் சொல்லக் கூடாது.

குடும்பத்தாரிடம் சொல்லும் நேரத்தில் நீங்கள் எந்த இடியமும் பயன்படுத்த வேண்டாம். இங்கே பயிற்சியிலேயே 'டைட்' (இறந்துவிட்டார்) என்ற நேரடிச் சொல்லைச் சொல்லத்தான் கற்றுத்தருகிறார்கள். 'லாஸ்ட்' என்றால் அந்தக் கலக்கத்தில் 'எங்கே காணாமல் போனார்' என்று கேட்பவர் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, ஒரு முறை.

பிப்ரவரி 12

நேற்று 'பக்கெட்' பற்றி எழுதியபின் ஒன்று மண்டையைக் குடைந்தது. 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று செயப்பாட்டில் திருப்பினாலும் ரகசியம் வெளியானது என்ற பொருள் நிற்கும். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் நிஜ வாளியை யாரோ உதைத்தது மட்டுமே. ஏன்? நன்பர்க், சாக், வாசோ என்ற மூன்று மொழியியலாளர்கள் 1994-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் உண்டு: 'பீன்ஸ்' ரகசியத்துக்கும் 'ஸ்பில்' வெளியிடுவதற்கும் ஆக ஒவ்வொரு சொல்லும் பொருளில் ஒரு பங்கைச் சுமக்கிறது, 'பக்கெட்' தனியாக எதையும் சுமக்கவில்லை. தமிழில் வைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. 'அவன் கொடுத்த அல்வாவை மறக்க முடியுமா' என்றால் ஏமாற்றியது நிற்கிறது. 'அவன் நீட்டிய கம்பி' என்றால் இரும்புக் கம்பிதான், ஓடிப்போன பொருள் ஓடிப்போய்விடுகிறது. யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் சரியாகச் சொல்கிறோம்.

ஸ்வின்னி, கட்லர் இருவரும் 1979-இல் செய்த சோதனையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தாய்மொழிக்காரர்கள் தங்கள் இடியத்தைச் சாதாரணத் தொடரைவிட வேகமாகவே அடையாளம் காண்கிறார்கள் என்று வந்தது. முழுத் தொடரும் ஒரே சொல்லாக மனத்தில் இருக்கிறது. அவர்களுக்கு வாளி கண்ணில் படுவதே இல்லை, நமக்கு முதலில் வாளிதான் தெரிகிறது. அதனால்தான் சக நர்ஸிடம் 'இதில் வாளி ஏன்' என்று கேட்டால் அவர் இப்போதுதான் முதல்முறை வாளியைப் பார்ப்பது போல விழிக்கிறார்.

பிப்ரவரி 18

பட்டியலையே கொளுத்தச் சொல்கிறேன் என்று ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. காதில் விழுந்ததை நீங்களே எழுதிவைக்கும் பட்டியல் நல்லது: யார் சொன்னார், யாரிடம், அப்போது முகம் எப்படி இருந்தது என்பதோடு. நினைவில் நிற்க இரண்டு வழி. ஒன்று, அது எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று பார்ப்பது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்க் போயர்ஸ் என்ற ஆய்வாளர் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். 'ஆன் த பேக் ஃபுட்' கிரிக்கெட் என்று தெரிந்தால் நமக்கு மறக்கவே மறக்காது. 'டச் பேஸ்', 'பால்பார்க் ஃபிகர்' இரண்டும் பேஸ்பால். 'லேர்ன் த ரோப்ஸ்' பாய்மரக் கப்பல். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை நம்பாதீர்கள். கூரை மேல் தூங்கிய நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்பது இணையத்தில் பரவிய கட்டுக்கதை.

இரண்டாவது, ஓசை. 'சேஃப் அண்ட் சவுண்ட்', 'த்ரூ திக் அண்ட் தின்', 'டைம் வில் டெல்'. மோனை! போயர்ஸும் அவருடன் சேர்ந்து எழுதியவர்களும் இப்படி ஓசை ஒன்றும் தொடர்கள் எளிதில் மனத்தில் ஒட்டுகின்றன என்கிறார்கள். 'கண்ணும் கருத்துமாக', 'ஆற அமர' என்று வளர்ந்த நமக்கு இது கைவந்த கலை. வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பிப்ரவரி 25

நீங்கள் ஏற்கெனவே நிறைய அறிவீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பு நாடா, வெள்ளை யானை, முதலைக் கண்ணீர், பனிப்போர், கறுப்பு ஆடு எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்து நம் செய்தித்தாளில் குடியேறியவை. அப்புறம் விவிலியம் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வாசல் கூடுதல். 'ரைட்டிங் ஆன் த வால்' தானியேல் 5. 'டிராப் இன் த பக்கெட்' ஏசாயா 40:15. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் வாளி இல்லை, கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றச்சாலில் தொங்கும் துளி. கிணற்று மேட்டில் நின்றவர் எவரோ மொழிபெயர்த்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும், எனக்கு ஆங்கிலத்தைவிட அதுதான் பிடிக்கிறது.

மார்ச் 3

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொற்று காரணமாகத் தனி அறையில் வைத்திருந்த ஒரு நோயாளி, 'ஐ ஃபீல் லைக் எ பரையா' என்றார். செய்தியில் 'பரையா ஸ்டேட்' என்று நாடுகளைச் சொல்வதும் கேட்டிருப்பீர்கள். அது நம் மக்களின் பெயர். பறை என்ற கருவியிலிருந்து வந்த பெயர், 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய், ஒதுக்கப்பட்டவன், வேண்டாதவன் என்ற பொருளில் உறைந்துவிட்டது. நோயாளியிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவர் தனிமையைச் சொல்ல வந்தார், அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இடைவேளையில் சக ஊழியர்களிடம் சொன்னேன். அது இன்றும் வாழும் ஒரு சமூகத்தின் பெயர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் இனி சொல்லமாட்டேன் என்றார். 'ஐசோலேட்டட்', 'ஷட் அவுட்' என்று சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. இடியமாட்டிக் ஆங்கிலம் பேச வேண்டும் என்பதற்காக நாம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மார்ச் 9

கடைசியாக, எதிர்ப்பக்கத்துச் சிக்கல் ஒன்று. நீங்கள் லண்டன் பக்கம் போனால், தமிழ் பேசும் நோயாளி என்று உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். வருபவர் பெரும்பாலும் ஈழத்துக்காரராக இருப்பார். 'எனக்கு வருத்தம்' என்று ஓர் அம்மா சொன்னால் மனக்கவலை என்று டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள், அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம் என்றால் சர்க்கரை நோய். தடிமன் என்றால் ஜலதோஷம். நோகுது என்றால் வலிக்கிறது. 'ஏலாது' என்றால் முடியாது, அது சோர்வா, கை கால் அசையாததா என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த தமிழ்தானே என்ற தைரியத்தில் மொழிபெயர்க்க ஆரம்பிக்காமல், அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வரும் வரை பக்கத்தில் உட்காருங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால் மற்ற சொற்களைக் கீழே சேர்த்துவிடுங்கள், வார்டில் ஒட்டிவைக்க எனக்கும் வேண்டும்.